கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே

கேள்வி: கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் பழைய வீட்டில் அம்மா இருக்கிறார். வயது 76, உயரம் ஐந்தடிக்கும் குறைவு. மூட்டுவலி, பி.பி., சுகர் மூன்றும் உண்டு. பகலில் துணைக்கு ஒரு அம்மாள் வருகிறார், இரவில் தனிதான். போன மாதம் இரவு இரண்டு மணிக்குப் பாத்ரூமுக்கு எழுந்து போகையில் நடையில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. சிவப்பு சிமெண்ட் தரை, நடுவில் முற்றம், அதைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் பாத்ரூம். பாத்ரூம் முழுக்க ஆன்டி ஸ்கிட் டைல்ஸ் போட்டால் போதும் என்கிறார் கொத்தனார். மழைக்கு முன் நான்கு நாள் லீவில் வருகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்:

டைல்ஸை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அம்மா விழுந்தது பாத்ரூமுக்குப் போகும் வழியில். கொத்தனார் தனக்குத் தெரிந்த வேலையைச் சொல்கிறார், அதில் தப்பில்லை. ஆனால் பாத்ரூமை இடித்தால் பத்து நாளாவது வீடெங்கும் மணலும் சிமெண்டும் கிடக்கும், கழிப்பறைக்கு வேறு இடம் அலைய வேண்டும். கட்டுப் போட்ட கையோடு இருப்பவருக்கு அந்தப் பத்து நாளை விடப் பெரிய ஆபத்து வேறில்லை.

கட்டிலில் இருந்து கழிப்பறையில் உட்காரும் இடம் வரையுள்ள முப்பது நாற்பது அடி தூரம்தான் உங்கள் நான்கு நாள் வேலை. வீட்டின் மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஒன்றில், ஏற்கெனவே விழுந்தவர்கள், நடக்கத் தடுமாறுபவர்கள் போன்றோரின் வீடுகளில் தடைகளைக் களைந்தபோது விழுவது 38 சதவீதம் குறைந்தது. அப்படி ஆபத்து எதுவும் இல்லாத முதியவர்களிடம் பலன் தெரியவில்லை. வயதானவர் இருக்கும் எல்லா வீட்டிலும் பிடிகம்பி அடிக்க வேண்டியதில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். உங்கள் வீட்டில் அடித்தே ஆக வேண்டும்.

வந்த அன்று பகலில் சுவரைப் பாருங்கள். பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில், கதவு நிலையில், தூணில், கை பட்டுப் பட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கறை இருக்கும். எங்கெல்லாம் தள்ளாடுகிறது என்பதை அம்மா உங்களிடம் சொல்லமாட்டார், அந்தக் கறை சொல்லிவிடும். பிறகு அன்றிரவு அவர் எழும்போது பின்னாலேயே போய், கை எதைப் பிடிக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி முதுகு, துணிக்கொடி, டவல் கம்பி, பாத்ரூம் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போவார். இவற்றில் ஒன்றுகூட ஆள் எடையைத் தாங்காது. பிடிமானம் வர வேண்டிய இடங்களின் பட்டியல் இப்படியே கையில் வந்துவிடும்.

இரவில் அவர் முற்றத்தைத் தாண்டவே கூடாது என்பது என் முதல் யோசனை. ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி போதும். கைப்பிடி உள்ளதாக, கீழே உருவி எடுக்கும் வாளியோடு, சக்கரம் இல்லாததாக வாங்குங்கள். சக்கரம் வைத்தது கழுவ வசதி, ஆனால் பிரேக் போட மறந்த ஒரே இரவு போதும், உட்காரும்போது பின்னால் ஓடிவிடும். இரவில் வாளியில் கையளவு தண்ணீரும் சில துளி ஃபினாயிலும் விட்டு வைத்தால் நாற்றம் வராது. காலையில் உதவிக்கு வருபவர் கொட்டிக் கழுவிவிடலாம். அம்மா ஒப்புக்கொள்ளத் தயங்குவார். சாமி அலமாரி இருக்கும் அறையில் இதை வைப்பதா என்பதுதான் பெரும்பாலும் தடை. தாழ்வாரத்து மூலையில் ஒரு மறைப்புக் கட்டி வைத்தாலும் போதும், கட்டிலில் இருந்து ஏழெட்டு அடிக்குள் இருக்க வேண்டும். மழைக்கு மட்டும், கை சரியாகும் வரை மட்டும் என்று தொடங்குங்கள்.

அடுத்தது கட்டில். அம்மாவை ஓர் நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் இருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். அவர் உயரத்துக்கு 15 முதல் 16 அங்குலம் வரும். மெத்தை அழுந்திய பிறகு கட்டிலின் உயரம் இதைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக இருந்தால், பாதம் முழுதாகத் தரையில் பதியும், எழவும் எளிது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பெட்டி வைத்த கட்டில்கள் மெத்தையோடு 22 அங்குலம் வரை வந்துவிடுகின்றன. குள்ளமானவர்கள் அதிலிருந்து வழுக்கித்தான் இறங்குகிறார்கள். நாடாக் கட்டில் நேர்மாறு, நடுவில் குழிந்துவிடுவதால் முழங்கால் இடுப்பைவிட மேலே போய் எழவே முடியாது. கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்காதீர்கள், நகர்ந்துவிடும். நடுவில் ஓர் அங்குலம் குடைந்த மரக்கட்டை தச்சரிடம் செய்து வாங்கி, கட்டில் கால் அந்தக் குழியில் உட்காரும்படி வையுங்கள். கொசுவலையையும் பாருங்கள். தரை வரை தொங்கும் வலை காலில் சுற்றிக்கொண்டு விழுவது நம் ஊரில் அடிக்கடி நடப்பது. இறங்கும் பக்கத்தை மெத்தைக்கு மேலேயே செருகும்படி வைக்கலாம்.

எழுந்த உடனே நடப்பதை நிறுத்த வேண்டும். படுத்திருந்தவர் சட்டென எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கி, தலைக்குப் போவது சில நொடிகள் குறையும். பி.பி. மாத்திரை, நீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பல வருட சுகர் உள்ளவர்களுக்கும் இது அதிகம். வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுத்திருக்கச் சொல்லி பி.பி. பாருங்கள், பிறகு நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மூன்று தடவை அளந்ததையும் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நிற்கவைத்து அளக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், கண் இருட்டினால் உட்காரவைத்துவிடுங்கள். நீர் மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது, தூக்க மாத்திரையும் அலர்ஜி மாத்திரையும் தேவையா, விடியற்காலையில் சுகர் இறங்குகிறதா என்பதெல்லாம் அவர் பார்க்க வேண்டியவை. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது எளிது: எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டி, எழுந்து நின்று பத்து எண்ணி, பிறகு அடி எடுத்து வைப்பது.

வெளிச்சத்துக்கு வருவோம். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். உங்கள் கண்ணுக்குப் போதும் என்று தோன்றுவது அவருக்கு அரையிருட்டு. படுத்தபடியே கை எட்டும் இடத்தில் ஒரு டூ வே ஸ்விட்ச் வேண்டும். இங்கே போட்டால் நடை விளக்கு எரிய வேண்டும், அந்தக் கோடியில் அணைக்க முடிய வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. அதோடு தரையில் இருந்து ஓர் அடி உயரத்தில், பத்தடிக்கு ஒன்றாக, மஞ்சள் ஒளி தரும் சின்ன எல்இடி இரவு விளக்குகள் வேண்டும். ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கும் நல்லதுதான், ஆனால் அது கட்டிலில் இருந்து கால் கீழே வைத்ததுமே எரிய வேண்டும். நடுவழியில் திடீரென்று எரிந்தால் கண் கூசித் தடுமாறவைக்கும். கரண்ட் போனால் என்ன என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரை கடந்த பிறகு கடலூரில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது யாருக்கும் மறந்திருக்காது. மின்சாரம் போனதும் தானே எரியும் ரீசார்ஜ் பல்பு ஒன்றை நடையிலும் ஒன்றைக் கமோடு நாற்காலி பக்கத்திலும் மாட்டுங்கள். ஒரு டார்ச்சைக் கயிற்றில் கட்டிக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிடுங்கள். மேஜை மேல் வைத்த டார்ச் வேண்டும்போது கிடைக்காது.

இனி வாசற்படிகள். பழைய வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் மூன்று நான்கு அங்குல உயரத்தில் கீழ்ப்படி இருக்கும். தரையும் சிவப்பு, படியும் சிவப்பு என்றால் இரவில் அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காலைத் தூக்காமல் தேய்த்து நடப்பவருக்கு அங்கேதான் தட்டும். உள் அறைகளின் படியை அறுத்துச் சமப்படுத்திவிடலாம், சுவருக்கு ஒன்றும் ஆகாது. தலைவாசல் நிலையை வெட்ட அம்மா சம்மதிக்க மாட்டார், வெட்டவும் வேண்டாம். படியின் மேல்விளிம்பு முழுவதும் இரண்டு அங்குல அகலத்துக்கு வெளிர் மஞ்சள் எனாமல் பெயிண்ட் அடியுங்கள். நிலைக்கு மஞ்சள் பூசும் வழக்கம் கண்ணுக்கு எல்லை காட்டும் வேலையையும் சேர்த்தே செய்துகொண்டிருந்தது. பெயிண்டைப் பளபளப்பில்லாததாக வாங்குங்கள், பளபளப்பானது ஈரமானால் வழுக்கும்.

எல்லோரும் செய்யும் தப்பு, உயரப் படிக்கு முன் இரண்டு அடியில் ஒரு சிமெண்ட் சாய்தளம் போட்டுவிடுவது. சாய்தளத்துக்குக் கணக்கு 1க்கு 12. ஆறு அங்குலம் ஏற ஆறு அடி நீளம் வேண்டும். இடமில்லாத இடத்தில் குட்டையாகப் போட்டால் படியைவிட மோசம், கால் பின்னுக்கு இழுக்கும், மழைநாளில் சறுக்குமரம்தான். அதற்குப் பதில் ஆறங்குலப் படியை, மூன்றங்குல உயரத்தில் இரண்டு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 14 அங்குலமாவது ஆழம் இருக்கும்படி கட்டி, பக்கத்தில் ஒரு செங்குத்துப் பிடி அடித்துவிட்டால் போதும். வாக்கர் பிடித்து நடப்பவராக இருந்தால் படி இரண்டடி ஆழமாவது வேண்டும், வாக்கரின் நான்கு காலும் ஒரே படியில் நிற்க வேண்டுமே.

முற்றத்தில் பாசி. மழை தொடங்கிய பிறகு தேய்த்துப் பயனில்லை, முன்னதாகவே செய்ய வேண்டும். வாளித் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். ப்ளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். அம்மா நடக்கும் இரண்டடி அகலத்துக்கு மட்டும் சொரசொரப்பான சிமெண்ட் பூச்சை வரிவரியாகத் துடைப்பத்தால் கீறிப் போடச் சொல்லுங்கள். தாழ்வாரத்து ஓரமாகவே சுற்றிப் போக வழி இருந்தால் அதுதான் மேல். சுவரோரம் ஒரு கைப்பிடிக் குழாய் அடித்துவிடலாம். உயரத்துக்கு அம்மாவை நேராக நிற்கவைத்துக் கையைத் தொங்கவிடச் சொல்லி மணிக்கட்டு மடிப்பு வரை அளந்து, அதைவிட இரண்டு மூன்று அங்குலம் மேலே வையுங்கள். படம் போட்ட கையேடுகளில் இருக்கும் 34 அங்குலம் இவர் உயரத்துக்குத் தூக்கலாகத்தான் இருக்கும்.

இப்போது பாத்ரூம். கதவில் தொடங்குங்கள். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால், அவரை நசுக்காமல் கதவைத் திறக்க முடியாது. பிவிசி கதவென்றால் கீல் மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்ய தச்சருக்கு ஒரு மணி நேரம் போதும். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியில் இருந்தும் காசு வைத்துத் திருகித் திறக்கும் வகைப் பூட்டைப் போடுங்கள்.

அடுத்து பிடிகம்பி. பணம் வீணாவதும் எலும்பு முறிவதும் அதிகமாக நடப்பது இதில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரப்பர் உறிஞ்சியால் டைல்ஸில் ஒட்டும் கைப்பிடி ஆன்லைனில் நிறையக் கிடைக்கிறது. வாங்கவே வாங்காதீர்கள். இரவெல்லாம் காற்று கசிந்து, காலையில் பிடிக்கும்போது கையோடு வந்துவிடும். டவல் கம்பியும் அப்படித்தான், ஒன்றரை அங்குல ஸ்குரூவில் நிற்பது துணிக்குத்தான் ஆகும். நமக்கு வேண்டியது 32 முதல் 38 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். அம்மாவின் கைக்கு 32 போதும், விரல்கள் முழுதாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். பாலிஷ் போட்டதைவிட மேட் ஃபினிஷ், சோப்புக் கையில் வழுக்காது. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி. மூன்று அங்குலம் விட்டால் விழும்போது முழங்கை அதற்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். கடற்கரை ஊர் என்பதால் 304 கிரேடு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், 316 கிடைத்தால் இன்னும் நல்லது. சாதா இரும்புக்கு வெள்ளை பெயிண்ட் அடித்த கம்பி உப்புக்காற்றில் ஓரிரண்டு வருடத்தில் உள்ளேயே தின்னப்பட்டிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. கம்பி எஸ்எஸ்ஸாக இருந்து கடைக்காரர் கொடுக்கும் போல்ட் துத்தநாகப் பூச்சு போட்டதாக இருந்தாலும் இதே கதைதான். போல்ட்டும் எஸ்எஸ்ஸில் கேட்டு வாங்குங்கள்.

எங்கே அடிப்பது? அளவு நாடாவை விடச் சாக்பீஸ் நல்லது. அம்மா உடையோடு கமோடில் உட்கார்ந்து எழுந்து காட்டட்டும், கை தானாக எங்கே போகிறதோ அங்கே குறி போடுங்கள். பொதுவாகப் பக்கவாட்டுக் கம்பி உட்காரும் மட்டத்தில் இருந்து எட்டுப் பத்து அங்குலம் மேலே வரும். கமோடின் முன்விளிம்புக்குச் சற்று முன்னால் ஒரு செங்குத்துக் கம்பி, எழும்போது இழுத்துப் பிடிக்க. குளிக்கும் இடத்தில் ஒன்று, கதவு நிலை ஓரத்தில் ஒன்று. இப்போது இடது கை மாவுக்கட்டில் இருப்பதால் வலப்பக்கச் சுவருக்கு முதலிடம். கை கூடினாலும் அதில் எடை போட டாக்டர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

டிரில் போடும் முன் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்டால் பின்னால் கலவை இல்லை, அந்த இடம் வேண்டாம். குழாய்க்கும் ஹீட்டருக்கும் நேர் மேலே கீழே பைப் போகும், ஒதுங்குங்கள். டைல்ஸில் துளை முடியும் வரை டிரில்லின் ஹேமரை (இடித்துத் துளைக்கும் விசை) போடாமல் மெதுவாகச் சுற்றவிட வேண்டும், பிறகுதான் ஹேமர். போல்ட் எவ்வளவு நீளம் என்பதில்தான் ஏமாற்றம். டைல்ஸ், கலவை, பூச்சு மூன்றும் சேர்ந்து ஒன்றரை அங்குலத்தைச் சாப்பிட்டுவிடும். இரண்டங்குல போல்ட் போட்டால் செங்கல்லுக்குள் அரை அங்குலம்தான் போயிருக்கும். குறைந்தது நான்கு அங்குலம், 10 மில்லிமீட்டர் கனம் கேளுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு இது போதும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர், வெற்றிடக் கல், வெள்ளையாகக் கனமின்றி இருக்கும் ஏஏசி கல் என்றால் விரியும் போல்ட் நிற்காது. சுவரைத் துளைத்து மறுபக்கம் ஒரு எஸ்எஸ் தகடு வைத்து நட்டு முறுக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரும் அப்படியே, முறுக்க முறுக்கப் பொடிந்து கொட்டும். புதுச்சேரி பழைய தெருக்களில் உள்ள வீடுகளுக்கும் இது பொருந்தும். அங்கே தரையில் ஒரு காலும் சுவரில் ஒரு முனையும் உள்ள கம்பியைப் போட்டுவிடுவது நிம்மதி. எல்லாம் முடிந்ததும் கம்பியின் அடித்தட்டைச் சுற்றி சிலிக்கான் பூசுங்கள், தண்ணீர் உள்ளே போகாது. மறுநாள் நீங்கள் இரண்டு கையாலும் பிடித்து முழு எடையையும் மெதுவாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். அசைந்தால் அம்மாவைத் தொடவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் இந்தியக் கழிப்பறையா வெஸ்டர்னா என்று எழுதவில்லை. இந்தியன் என்றால், மேலே நான்கு கால் ஸ்டூல் வைத்துச் சமாளிப்பது தற்காலிகத்துக்குச் சரி. ஆனால் பீங்கானில் பாதம் வைக்கும் இடம் தூக்கலாக இருப்பதால் ஸ்டூல் ஒரு காலில் ஆடும். நான்கு காலும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள், ரப்பர் புஷ் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். வெஸ்டர்ன் புதிதாக வைப்பதானால் 'முதியோருக்கு உயரமானது' என்று 18, 19 அங்குலத்தைத் தலையில் கட்டுவார்கள். ஐந்தடிக்குக் குறைந்தவருக்கு அது கால் தொங்கும் உயரம். கட்டிலுக்கு எடுத்த அதே முழங்கால் அளவோடு ஓரிரு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். ஹேண்ட் ஷவர் முன்பக்கமாக, வலக்கைக்கு எட்டும்படி. பின்னால் திரும்பி எட்டி எடுக்கும்போதுதான் பலர் பக்கவாட்டில் சரிகிறார்கள்.

குளியலில் பிரச்சினை வாளியும் சொம்பும். தரையில் இருக்கும் வாளிக்குக் குனிந்து குனிந்து நிமிர்வதில் தலை சுற்றும். ஓர் அடி உயரத்தில் சின்ன மேடையோ உறுதியான ஸ்டூலோ போட்டு வாளியை அதன் மேல் வையுங்கள், அம்மா உட்கார்ந்து குளிக்கட்டும். சாதாரண மோல்டட் பிளாஸ்டிக் நாற்காலி ஈர டைல்ஸில் கால் விரிந்து உடையும். அலுமினியச் சட்டம், ரப்பர் புஷ், கைப்பிடி உள்ள குளியல் நாற்காலியே வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் முடிந்ததும் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தரையைத் தேய்க்காவிட்டால், எந்த ஆன்டி ஸ்கிட்டும் உதவாது. நல்லெண்ணெயும் சீயக்காயும் சேர்ந்த படலம் டைல்ஸின் சொரசொரப்பை மூடிவிடும். துளை போட்ட ரப்பர் விரிப்பு போடுவதானால் தினமும் தூக்கிக் காயவைக்க வேண்டும். அடியில் வழவழப்பு ஏறிய விரிப்பு வெறும் தரையைவிட வழுக்கும்.

டைல்ஸுக்கு அடுத்த லீவில் போகலாம். அப்போதும் பெரிய டைல்ஸ் வேண்டாம். ஓர் அடிக்கு ஓர் அடி, அல்லது அதைவிடச் சிறியது. இணைப்புக் கோடுகள் நிறைய இருந்தால் காலுக்குப் பிடிப்பு. பெட்டியில் ஆர் 11 என்று வழுக்காத்தன்மைக் குறி போட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் கடையிலேயே ஒரு டைலில் சோப்புத் தண்ணீர் விட்டு வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள், எந்தக் கடைக்காரரும் மறுக்க மாட்டார். வாட்டம் ஐந்தடிக்கு முக்கால் அங்குலம், நடக்கும் பக்கத்தில் இருந்து மூலையை நோக்கி. தண்ணீர் தேங்கி நிற்கும் பாத்ரூமில் விலை உயர்ந்த டைல்ஸும் ஒன்றுதான், சிமெண்ட் தரையும் ஒன்றுதான்.

வீட்டின் மற்ற இடங்களில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். சாக்கு, பழைய புடவை மிதியடிகளை எடுத்துவிடுங்கள். டிவி ஒயரைச் சுவரோரம் கிளிப் அடியுங்கள். தினமும் எடுக்கும் டப்பாக்களை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலான தட்டுக்குக் கொண்டுவாருங்கள், ஸ்டூல் மேல் ஏறும் அவசியமே இருக்கக் கூடாது. விளக்கேற்றும் இடத்தில் எண்ணெய் சொட்டும், கீழே ஒரு தட்டு வையுங்கள். காலையில் கோலம் போடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது அவருக்குப் பயிற்சியும்கூட. வாசல் தெளித்துப் பெருக்குவதை மட்டும் வேறொருவர் செய்து, ஈரம் காய்ந்த பிறகு அவர் இறங்கட்டும். நைட்டியின் கீழ்மடிப்பு கணுக்காலுக்கு மூன்று விரல் மேலே இருக்கும்படி தைத்துவிடுங்கள். வார் தளர்ந்த ஹவாய் செருப்பு வீட்டில் வேண்டாம். சுகர் இருப்பதால் பின்வார் உள்ள, மெத்தென்ற ரப்பர் அடியுடைய எம்சிஆர் செருப்பு ஒன்றை வீட்டுக்குள் போட வைத்துக்கொள்ளலாம்.

கம்பி மட்டும் போதாது, கால் வேண்டும். பத்தடி தூரத்தில் ஒரு குறி வைத்து, நாற்காலியில் இருந்து எழுந்து, நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று பொருள். கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரில் முட்டவைத்து, எழுந்து உட்காரும் பயிற்சியை ஐந்தில் தொடங்கிப் பத்து வரை, காலை மாலை செய்யட்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்துத் தடவை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. கைத்தடி வாங்கினால் அதன் உயரம் மணிக்கட்டு மடிப்பு வரை, முழங்கை லேசாக மடங்க வேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானோர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில்.

கண்ணைப் பார்த்து வருடமாகியிருந்தால் காட்டிவிடுங்கள். புதுச்சேரி போகும் வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் இருக்கிறது. பைஃபோகல் கண்ணாடி போட்டிருந்தால், படி இறங்கும்போது கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதால் படி மங்கலாகத் தெரியும். தலையைக் குனிந்து மேல்பகுதி வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். நின்ற உயரத்தில் இருந்து விழுந்து மணிக்கட்டு முறிவது எலும்பு மெலிந்ததன் அடையாளம். மாவுக்கட்டோடு விட்டுவிடாமல், எலும்பு மெலிவுக்கு மருந்து தேவையா என்று எலும்பு டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த முறிவு இடுப்பில் வராமல் இருக்க இது கம்பியளவுக்கே முக்கியம்.

அப்படியும் விழுந்தால்? சாதா பட்டன் போனைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், தூங்கும்போதும். பக்கத்து வீட்டு எண்ணை 2ஆம் பட்டனில் ஏற்றிவையுங்கள், ஒரு சாவியும் அங்கே இருக்கட்டும். ஓடிவருபவர் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ தொடையிடுக்கில் வலித்தாலோ அசைக்காமல் 108. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அடி ஒன்றுமில்லை என்றால் மெதுவாகப் புரண்டு ஒருக்களித்து, ஒரு நாற்காலியை முன்னால் வைத்து, முழங்காலிட்டு, அதைப் பிடித்துத் தானாக எழ விடுங்கள். இடது கை சரியாகும் வரை இது முடியாது, இருவர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். முதியோருக்கான இலவச உதவி எண் 14567, அதையும் போனில் ஏற்றிவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பும் முன் உதவிக்கு வரும் அம்மாளிடம் ஒரு ஸ்பானர் கொடுத்துவிட்டு, மாதம் ஒரு முறை பார்க்க வேண்டிய மூன்றைக் காட்டுங்கள்: கம்பி போல்ட்டுகள்; நாற்காலிக்கும் கைத்தடிக்கும் உள்ள ரப்பர் புஷ்; ரீசார்ஜ் பல்பை மெயின் அணைத்தால் எரிகிறதா என்பது. தேய்ந்த புஷ்ஷின் அடியில் உள்ள வளையக் கோடுகள் அழிந்திருக்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.